துருக்கிச் சித்தப்பா

நிகழ்ந்ததைச் சொல்வதற்கு முன், அது தொடங்கிய நேரத்தில் என் நிலை என்னவாக இருந்தது என்பதைக் குறித்துவிடுவது முறை. நான் சித்தூரில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் பயின்று, தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவன். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் வசனம் எழுதிக் குரல் பதிவு செய்து தரும் திருப்பதி நிறுவனம் ஒன்றில், தமிழ்ப் பிரிவின் தலைமை வசனகர்த்தாவாக இருந்தேன். என்னிடம் நால்வர் எழுதினார்கள். என் கையொப்பம் இல்லாமல் ஒரு வசனத்தாளும் ஒலிப்பதிவு அறைக்குள் போனதில்லை. ஓய்வு பெற நான்கு மாதங்கள் இருந்தன. அதுவரை நான் கையொப்பமிட்ட தாள் ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை.

இப்போது அங்கே முதல் வரைவைக் கணினியே தந்துவிடுகிறது. ‘உறவுப் பதிவேடு’ என்று நான் ஏற்படுத்திய ஏட்டை இனியும் எழுத வேண்டுமா என்று இளையவர்கள் என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்களே அந்தத் துருக்கித் தொடரைப் பற்றி ஆளுக்கொரு கதையும் சொன்னார்கள். ஆகவே எழுதுகிறேன்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சித்தூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். பிறகு திருப்பதிக்கு வந்து, காட்டு விலங்குகளைப் பற்றிய ஆங்கிலப் படங்களுக்கு விளக்கவுரை எழுதினேன். சிங்கம் வாயைத் திறந்தாலும் அதற்கு வசனம் தேவையில்லை என்பதால் அது எளிய வேலை. கொரியத் தொடர்களும் துருக்கித் தொடர்களும் வரத் தொடங்கியபோதுதான் வசனம் எழுதுவது என்ன என்று தெரிந்தது. மனிதர்கள் உதடுகளை அசைத்துப் பேசினார்கள். அந்த உதடுகளுக்குள் நம் தமிழ் அடங்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து ஒரு பட்டியல் வரும். அதில் இரண்டு பகுதிகள். புதிதாக வரும் தொடர்களுக்குப் ‘புது வரவு’ என்றும், முன்பு ஒரு பருவம் ஓடி, இடைவெளிக்குப் பின் அடுத்த பருவத்தோடு திரும்புபவற்றுக்கு ‘மறு வரவு’ என்றும் நான் தலைப்பிட்டிருந்தேன். புது வரவு எனக்கு ஒருபோதும் அச்சம் தந்ததில்லை. மறு வரவே தந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒருத்தி தன் மேலதிகாரியை ‘நீங்கள்’ என்று அழைத்தாளா, ‘நீ’ என்று அழைத்தாளா, எந்தக் காட்சியிலிருந்து ‘நீ’க்கு மாறினாள் என்பதை நாம் மறந்துவிடலாம், பார்ப்பவர்கள் மறப்பதில்லை. அதற்காகவே உறவுப் பதிவேடு. யார், யாரை, எந்தப் பகுதியில், எந்த நிமிடத்தில், எப்படி அழைத்தார். அப்போது பேசுபவர் முகம் திரையில் தெரிந்ததா, திரும்பியிருந்ததா என்பது வரை அதில் இருக்கும்.

முகத்தைக் குறித்ததற்குக் காரணம் எங்கள் மேலாளர் ராகவாச்சாரி. திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. குரல் உயர்ந்தும் கேட்டதில்லை. முடிந்த வசனத்தை அவர் சோதிக்கும் விதம் தனியானது. படத்தை ஒலியில்லாமல் ஓடவிடுவார். வசனத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் வாய் அசையும்போது தன் வாயையும் சத்தமில்லாமல் அசைப்பார். ப, ம ஆகிய எழுத்துகளுக்கு உதடுகள் ஒட்ட வேண்டும். அதற்கு ‘மூடல்’ என்று பெயர் வைத்திருந்தார். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் நம் வசனத்தில் மூடல் இல்லாவிட்டால், மூக்குக்கண்ணாடிக் கூட்டால் மேசையில் ஒருமுறை தட்டுவார். அவ்வளவுதான். எழுதியவர்கள் அந்தத் தட்டலுக்கு அஞ்சினார்கள். அவர் வாயிலிருந்து வந்த மிகக் கடுமையான சொல், “பார்த்துக்கோங்கோ.”

இனி அந்தத் தொடர். பெயர் வேண்டாம். லாலே என்ற பெண், தந்தை இறந்தபின், கம்பள வியாபாரியான ஹிக்மெத் என்பவரின் வீட்டில் வளர்கிறாள். அவருக்கு டாரிக் என்று ஒரு மகன். லாலே ஹிக்மெத்தை ‘அம்ஜா’ என்று அழைக்கிறாள். எங்களுக்கு வந்த ஆங்கில வசனத்தில் அது ‘அங்கிள்’ என்று இருந்தது. ஆங்கிலேயர்களுக்கு அம்மாவின் தம்பியும் அப்பாவின் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றுதான். தமிழில் எழுதுபவன் அங்கே நின்று யோசிக்க வேண்டும். நான் துருக்கி மொழி அகராதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ‘அம்ஜா: தந்தையுடன் பிறந்தவன்’ என்று தெளிவாக இருந்தது. ‘சித்தப்பா’ என்று எழுதினேன். அம்ஜாவில் ஒரு மூடல், சித்தப்பாவிலும் ஒரு மூடல். கண்ணாடிக் கூடு தட்டவில்லை.

தெலுங்குப் பிரிவுக்குத் தலைவர் பிரபாகர். அவர் ஆங்கிலத்தில் வந்ததை அப்படியே ‘அங்கிள்’ என்று எழுதிவிட்டார். அதை நான் அவரிடம் கேட்டேன்.

“அங்கிள் என்பது பேருந்தில் இடம் கேட்க உதவும் சொல், பிரபாகர் காரு. ஒரு வீட்டில் வளர்கிற பெண் அப்படி அழைப்பாளா?”

“சார், மீரு பண்டிதுலு. நான் சாதா மனுஷன்” என்று சிரித்தார் அவர். “டிக்‌ஷனரி பார்க்கிற நேரத்துல நான் ரெண்டு எபிசோட் முடிச்சிடுவேன்.”

அத்தோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் சித்தப்பாவின் மகனைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. டாரிக் அவளைவிட மூத்தவன். எனவே மூல வசனத்தில் வெறுமனே பெயரோ மௌனமோ இருந்த இடங்களில், நானாகவே ‘அண்ணா’ என்ற சொல்லைச் சேர்த்தேன். தமிழ்ப் பண்பாட்டுக்கு ஏற்ப அமைத்தேன் என்று என் உதவியாளர்களிடம் பெருமையாகவும் சொன்னேன். அதை மறைப்பதற்கில்லை.

முதல் பருவம் நன்றாக ஓடியது. ஒன்றரை ஆண்டு கழித்து அந்தத் தொடர் மறு வரவுப் பட்டியலில் வந்தது. உடன் வந்த கடிதத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. முதல் பருவம் அடுத்த மாதம் மறுபடி ஒளிபரப்பாகும். அது முடிந்த மறுநாளே இரண்டாம் பருவம் தொடங்கும். இரண்டாம் பருவத்தின் தமிழ் வடிவம் எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தே, தமிழ் வேலை இனித் திருப்பதியில் நடக்குமா, வேறிடத்துக்கு மாற்றப்படுமா என்பது முடிவாகும்.

நான் தினமும் சித்தூரிலிருந்து பேருந்தில் போய் வந்தவன். அன்று காலை அந்தத் தொடரின் புதிய கதைச்சுருக்கத்தைப் பேருந்தில் படித்துக்கொண்டு போனேன். பாகாலா தாண்டியதும் மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். லாலேவும் டாரிக்கும் காதலிக்கிறார்கள். எட்டாம் பகுதியில் திருமணம். அடிக்குறிப்பு ஒன்றும் இருந்தது: ஹிக்மெத், லாலேயின் தந்தைக்கு நெருங்கிய நண்பர். உறவினர் அல்லர். வயதில் மூத்த ஆண் எவரையும் மரியாதைக்காக அம்ஜா என்று அழைப்பது துருக்கியர் வழக்கம்.

அகராதியில் அந்த இரண்டாவது பொருளும் இருந்திருக்கும். முதல் பொருளோடு நான் நிறுத்திவிட்டேன்.

சந்திரகிரியில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, “உடம்பு சரியில்லீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. ஒரு பருவம் முழுவதும் ‘அண்ணா’ என்று அழைத்தவனை ஒரு தமிழ்ப் பெண் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள். அதை எழுதியவன் நான். எந்த வீட்டில் அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்? என் பெயரோடு, என்னை நம்பி எழுதிய நால்வரின் வேலையும் அதில் இருந்தது.

அலுவலகம் சேர்ந்ததும் முதல் காரியமாக, பிழை என்னுடையது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, ராகவாச்சாரியின் மேசையில் வைத்தேன். வாயால் சொல்ல என்னால் இயலவில்லை. அவர் அதை இருமுறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“உட்காருங்கோ, தணிகாசலம்.”

உட்கார்ந்தேன்.

“எங்காத்துல சித்தப்பா பிள்ளையைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு ஒருத்தி சொன்னா, என்ன ஆகும் தெரியுமோ?”

“தெரியும் சார்.”

“அத்தனை ஆத்துலயும் அதேதான் ஆகும். எத்தனை இடம்?”

“பார்த்துச் சொல்கிறேன். பதிவேட்டில் இருக்கிறது.”

“அப்போ பதிவேட்டைக் கொண்டாங்கோ. வருத்தத்தை அப்புறம் படலாம்.”

அதற்குள் செய்தி தெலுங்குப் பிரிவுக்குப் போய்விட்டது. பிரபாகர் வாசலில் வந்து நின்றார்.

“அன்னய்யாவோட பெள்ளியா, கல்யாணமா சார்? அம்மம்மா! எங்க தெலுங்குல பாருங்க, அங்கிள் பையன்தான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“பிரபாகர், பார்த்துக்கோங்கோ” என்றார் ராகவாச்சாரி. பிரபாகர் போய்விட்டார். ஆனால் சொல்வதைச் சொல்லிவிட வேண்டும்: அன்று மாலைக்குள் பழைய பருவத்தின் ஒலிக்கோப்புகள் அனைத்தையும் தேடி எடுத்துத் தந்தவர் அவர்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை.

லாலே ஒரு காட்சியில் விளக்கம் சொல்வதுபோல ஒரு வரி சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். ராகவாச்சாரி மறுத்தார். “விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாலே பார்க்கறவாளுக்குச் சந்தேகம் வந்துடும்.” மறு ஒளிபரப்புக்கு முன் முதல் பருவத்தையே திருத்திவிடுவது என்று முடிவாயிற்று. திருத்தியதை அனுப்பப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

பதிவேட்டின்படி ‘சித்தப்பா’ அறுபத்து மூன்று இடங்கள். ‘அண்ணா’ பதினோரு இடங்கள். டாரிக் அவளை ஒருமுறைகூடத் ‘தங்கச்சி’ என்று அழைத்திருக்கவில்லை. அதைக் கண்டதும் எனக்குச் சற்று மூச்சு வந்தது. அடுத்து ‘அண்ணா’வின் எதிரே இருந்த குறிப்புகளைப் படித்தேன். முகம் திரும்பியது. முகம் திரும்பியது. கதவுக்கு அப்பால். தொலைவு. மூலத்தில் இல்லாத சொல்லை, முகம் தெரியும் இடத்தில் சேர்ப்பதில்லை என்பது நான் விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆகவே பதினொன்றில் பத்து இடங்களில் அந்தச் சொல்லை வெட்டி எடுத்துவிட்டால் போதும், உதடு காட்டிக்கொடுக்காது. பதினோராவது மட்டும் மருத்துவமனைக் காட்சி. அடிபட்டுக் கிடக்கும் டாரிக்கைக் கண்டு, லாலே நேராகத் திரையைப் பார்த்து அலறுகிறாள். துருக்கியில் அவள் சொன்னது ‘ஆபி’; அம்ஜா போலவே, வயதில் மூத்தவனை மரியாதைக்காக அழைக்கும் சொல். அதில் ஒரு மூடல் உண்டு, ‘அண்ணா’வில் இல்லை. முகம் தெரியும்போது நான் ‘அண்ணா’ வைத்த ஒரே இடம் அது. அன்றைக்குக் கூடு ஒருமுறை தட்டியது. ஆனாலும் உணர்ச்சிக் காட்சி என்று விட்டுவிட்டார்கள்.

லாலேவுக்குக் குரல் தந்தவர் கற்பகம். விஜயபுரம் பக்கத்துச் சிற்றூர்; ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்து அனுப்பும் வேலை. ஞாயிறுதோறும் குரல் பதிவுக்கு வருவார். அவரது பேச்சு எல்லைப்புறத் தமிழ்; ஒலிவாங்கி முன் நின்றால் சுத்தமான தமிழ். அந்த ஞாயிறு காலை கணவரின் வண்டியில் புத்தூர் வரை வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து, ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“இன்னா சார், அண்ணன்னு கூப்ட்ட வாயாலயே கண்ணாலம் கட்டிக்கினு போவ சொல்றீங்களா?”

“அதற்காகத்தான் அழைத்திருக்கிறேன். சித்தப்பாவுக்குப் பதில் வேறு சொல் வைத்திருக்கிறேன். ‘அம்மான்’. தாயுடன் பிறந்தவன் என்று பொருள். இலக்கியத்தில் ஆட்சி உள்ள சொல். அம்ஜாவுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.”

ராகவாச்சாரிக்கு முகம் மலர்ந்தது. “எங்காத்துல அம்மாஞ்சின்னு சொல்றோமே, அதுவே அம்மான் சேய்தான். நல்ல வார்த்தை. போடுங்கோ.”

கற்பகம் அறைக்குள் போய், திரையைப் பார்த்து, “அம்மான், சாப்பிட வாங்க” என்றார். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை காதுக்கருவியைக் கழற்றிவிட்டார்.

“சார், கோச்சுக்காதீங்கோ. அம்மான்னு கூப்புட்றாளா, ‘அம்மான்’ அப்டின்னு இன்னாமோ சொல்றாளா, ஒண்ணும் பிரியல. எங்க ஊர்ல கேட்டா, இந்தப் பொண்ணு மாட்டைக் கூப்பிடுதுன்னு சிரிப்பாங்கோ.”

“அது பழந்தமிழ்ச் சொல், அம்மா.”

“இருக்கட்டும் சார். அந்த ஆளு யாரு அவளுக்கு?”

“தந்தையின் நண்பர். உறவு இல்லை.”

“அப்ப மாமாதான்” என்றார் கற்பகம், இதில் என்ன யோசனை என்பதுபோல. “எங்க நைனாவோட கூட்டாளிங்க எல்லாரும் எனக்கு மாமாதான். சித்தப்பான்னு சொல்லிட்டா பங்காளி ஆயிடுவாரு, அவுரு புள்ளை அண்ணனாயிடுவான். வயசுப் பொண்ணு இருக்கற ஊட்ல சும்மா யாரையும் சித்தப்பான்னு கூப்ட வுடமாட்டாங்கோ சார். நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசணும்னா, கதவை நாமளே சாத்தின மாதிரி ஆயிடுமே.”

நான் முதுகலை படித்தவன். உறவுமுறைச் சொற்களைப் பற்றித் தேர்வே எழுதியிருக்கிறேன். முறை தெரியாத ஒருவரை எந்தப் பக்கத்து உறவாக அழைப்பது என்பதை அந்தப் பாடங்களில் எதுவும் எனக்குச் சொல்லவில்லை.

ஆயினும் தொழிலில் ஒரு தடை இருந்தது. அதைச் சொன்னேன். “அம்ஜாவில் ஒரே மூடல். மாமாவில் இரண்டு. பொருந்தாது.”

“பேசறதுக்கு முன்னாடி வாய மூடிக்கினு தானே சார் இருப்பாங்கோ?”

ராகவாச்சாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “படத்தைப் போடுங்கோ. சத்தம் வேண்டாம்.”

திரையில் லாலே அடுக்களை வாசலில் நின்றாள். உதடுகள் ஒட்டியிருந்தன, பிரிந்தன, ஒட்டின, பிரிந்தன. ராகவாச்சாரியின் உதடுகளும் அவ்வாறே அசைந்தன. முதல் ‘மா’ அவள் பேசுவதற்கு முன்பே மூடியிருந்த வாயில் அமர்ந்தது. இரண்டாவது ‘மா’ அம்ஜாவின் மூடலில் அமர்ந்தது. அடுத்து, அவள் அவர் பெயரையும் சேர்த்து ‘ஹிக்மெத் அம்ஜா’ என்று சொல்லும் காட்சியைப் போடச் சொன்னார். அங்கே மூலத்திலேயே இரண்டு மூடல்கள். பெயரை எடுத்துவிட்டு ‘மாமா’ என்று நீட்டினால் சரியாக நின்றது. நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கூடு இருந்த இடத்தில் இருந்தது.

“சித்தப்பாவைவிட இது நன்னாவே உட்கார்றது” என்றார் அவர்.

வாக்கியத்தின் நடுவில் அந்தச் சொல் வந்த ஒன்பது இடங்களில் மட்டும் வசனத்தையே மாற்றி எழுதினேன். பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவமனைக் காட்சி மட்டும் மிஞ்சியது. ஒரு மூடல் வேண்டும். அண்ணன் என்றோ தம்பி என்றோ பொருள் வரக்கூடாது. அலறலாகவும் இருக்க வேண்டும். நான் நான்கு சொற்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அவற்றை இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

“ஒரு தடவ காட்டுங்கோ சார்” என்றார் கற்பகம். கட்டிலில் கிடந்த டாரிக்கின் நெற்றியில் இரத்தம் வழிவதைப் பார்த்தார். லாலே திரும்பினாள். தாளில் இருந்த எதையும் பாராமல் கற்பகம், “அம்மா!” என்று அலறினார். தொழில்நுட்பர் கைகாட்டி நிறுத்துவதற்குள் அது பதிவாகிவிட்டது. அடிபட்டாலும் பயந்தாலும் நாம் எல்லோரும் சொல்வது அதுதானே! இரண்டாவது முறை எடுக்கவில்லை.

பதினொன்றாம் நாள் திருத்திய பருவத்தை அனுப்பினோம். முதல் பருவம் மறுபடி ஓடியது. இரண்டாம் பருவம் தொடங்கியது. எட்டாம் பகுதியில் திருமணமும் நடந்தது. அந்த வாரம் முழுவதும் நான் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அதிர்ந்தேன். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து அந்தத் திருமணத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமா புள்ளையையே கட்டிக்கினா, நல்லதாப் போச்சு” என்றார். நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் எனக்கு அன்றைய உணவு உள்ளே இறங்கியது.

மறு வாரம் தொலைக்காட்சி நிறுவனத்தின் கடிதம் வந்தது. தமிழ் வேலை திருப்பதியிலேயே தொடரும். ராகவாச்சாரி என்னை அழைத்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த என் தாளை எடுத்து என்னிடமே கொடுத்தார். கோப்பில் சேர்க்கவில்லை போலும். அன்று மாலைப் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. பூதலப்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டேன். பணியில் சேர்ந்த நாளிலிருந்து பேருந்தில் நான் தூங்கியதில்லை. சித்தூரில் நடத்துநர் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

பதிவேட்டை எழுத வேண்டுமா என்று கேட்ட இளையவர்களுக்கு என் பதில்: எழுதுங்கள். அதில் பிழையும் பதிவாகும். பதிவான பிழையை எந்த நிமிடத்தில் தேடுவது என்று தெரியும். அந்தப் பன்னிரண்டு நாட்களில் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி, சொல்லப்படும் கதைகள். பார்வையாளர்கள் புகார் செய்ததால் மாற்றினோம் என்கிறார்கள். ஒரு புகாரும் வரவில்லை. பிழையைத் தெலுங்குப் பிரிவு கண்டுபிடித்தது என்கிறார்கள். நான் கண்டேன், பேருந்தில். என் பணி நிறைவு விழாவில் பேசிய மூவர், ‘மாமா’ என்ற சொல் என் தமிழ்ப் புலமையால் கிடைத்தது என்றார்கள். அதுவும் தவறு. என் புலமையால் கிடைத்தவை ‘சித்தப்பா’, ‘அண்ணா’, ‘அம்மான்’ ஆகிய மூன்றும். ‘மாமா’ என்று சொன்னவர் கற்பகம்.